ராடு பிரேக் வண்டியில் செய்யக்கூடாத தவறுகள்

அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ் சைக்கிளைக் கொல்லையிலிருந்து இழுத்து வந்து, துடைத்து, ஓட்ட ஆரம்பிக்கும் பையன்கள் இப்போது நிறைய. சந்தோஷம்தான். ஆனால் அதிலுள்ள ராடு பிரேக் (வயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை அடிக்கிறார்கள். துரு துடைப்பது, நட்டு முடுக்குவதெல்லாம் ஓட்ட ஓட்டத் தானாக வந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

கட்டையைத் திருப்பி மாட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ராடு பிரேக்கில் ரப்பர் கட்டை ஒரு சின்ன இரும்புக் கூட்டுக்குள் செருகியிருக்கும். கூட்டின் ஒரு முனை அடைப்பு, மறுமுனை திறப்பு. பிரேக் பிடித்ததும் சுற்றுகிற ரிம் ரப்பரைத் தன்னோடு இழுக்கும். இழுக்கும் பக்கம் அடைப்பு இருந்தால் ரப்பர் அதில் முட்டி நிற்கும். திறப்பு இருந்தால் நழுவி ரோட்டில் விழும்.

முன் சக்கரத்தில் கட்டை ஃபோர்க்குக்குப் பக்கத்தில், மேலே இருக்கிறது. அங்கே ரிம் முன்னோக்கி ஓடும். அதனால் அடைத்த முனை முன்பக்கம். இது பாதிப் பேருக்குத் தெரியும். கோட்டை விடுவது பின் சக்கரத்தில். அங்கே கட்டை இருப்பது பெடல் அச்சுக்குப் பின்னால், சக்கரத்தின் முன் விளிம்பில். அந்த இடத்தில் ரிம் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே அடைத்த முனை கீழே இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் வண்டியை ஸ்டாண்டு போட்டு, பெடலைச் சுற்றிப் பாருங்கள். ரிம் கட்டையைத் தாண்டி எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் அடைப்பு.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பையன், கூட்டின் வாய் மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும் என்று தானே யோசித்து, பின் கட்டை இரண்டையும் கவிழ்த்து மாட்டியிருந்தான். சொன்னேன். “நல்லாத்தானே பிடிக்குது அண்ணா” என்றான். தெருவுக்குள் மெதுவாகப் பிடித்தால் பிடிக்கத்தான் செய்யும். இதில் உள்ள சூதே அதுதான். மேம்பாலச் சரிவில் முன்னால் போன பஸ் நின்றதும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். இரண்டு ரப்பரும் போயிற்று. வெறும் இரும்புக் கூடு ரிம்மில் உரச, நேராகப் போய்க் கொய்யாப்பழத் தள்ளுவண்டியில் முட்டி நின்றான். ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ரிம்முக்குத்தான் கேடு: உள்பக்கம் சுற்றிலும் கோடு விழுந்து, குரோம் பூச்சு உரிந்துவிட்டது. இனி எத்தனை புதுக் கட்டை போட்டாலும் அந்தக் கோடு அதைத் தின்றுவிடும். கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த வார்ப்பில் நல்ல பழைய ரிம் கிடைக்கப் பழைய இரும்புக் கடைகளில் தவம் கிடக்க வேண்டும்.

இன்னொன்று: கட்டை சரியாக மாட்டியிருந்தாலும், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வண்டியைப் பின்னால் தள்ளாதீர்கள். அப்போது ரப்பரைத் தடுக்க அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

ரிம்மில் எண்ணெய்

கீச்சென்று சத்தம் வருகிறது என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

ஹேண்டில்பாரை மட்டும் உயர்த்துவது

பிரேக் பிடியும் ராடும் ஹேண்டில்பாரோடு சேர்ந்தவை. அதை ஒரு விரற்கடை ஏற்றினால் முன் ராடும் மேலே வரும், கட்டை ரிம்மைக் கவ்விக்கொள்ளும். முன் ராடு, பின் ராடு இரண்டின் இணைப்பையும் தளர்த்தி, நீளம் சரிபார்த்து, மறுபடி முடுக்க வேண்டும். ‘சக்கரம் சுற்றவே மாட்டேங்குது, பேரிங் போச்சு’ என்று வருபவர்களில் பலருக்கு வியாதி இதுதான்.

தவறான கோட்டம்

இந்தக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை, உள்விளிம்பில் பிடிக்கிறது. கொஞ்சம் பக்கவாட்டு ஆட்டத்தை இது பொறுத்துக்கொள்ளும். மேலும் கீழும் குதிக்கும் சக்கரத்தைப் பொறுக்காது. கோட்டம் எடுக்கும்போது (ஆரக்கம்பிகளை முடுக்கிச் சக்கரத்தை நேராக்கும்போது) முதலில் அதைப் பாருங்கள்.

மழையிலும் வெயில் கணக்கு

உலர்ந்த ரிம்மில் நல்ல ராடு பிரேக் கௌரவமாகவே நிற்கும். நனைந்தால் கதை வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் சோதித்தபோது, குரோம் பூசிய இரும்பு ரிம்மில் சாதாரண ரப்பர் கட்டையின் பிடிப்பு ஈரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. சக்கரம் பல சுற்றுச் சுற்றித் தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிப்பு திரும்பியது. அதனால் மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அழுத்தலாம்.

புது வண்டி ரிம்மைப் போடுவது

பக்கவாட்டுப் பிரேக்குக்கான ரிம் இதற்கு ஆகாது. கட்டை உட்கார அதில் இடமே இல்லை.