குறைந்த செலவில் நல்ல எண்ணெய்: மீன் கூடையிலிருந்து தொடங்குங்கள்

பாம்பன், மண்டபம், தொண்டி என எங்கள் கரையோர வீடுகளில் மாதச் சாமானில் முதலில் கையைக் கடிப்பது எண்ணெய்தான். புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி, மீன். இதயத்துக்கு நல்லது செய்யும் ஒமேகா-3 கொழுப்பு சாளையிலும் சூடையிலும் நிறைய இருக்கிறது. நாம் வழக்கமாக வாங்கும் கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ அது அநேகமாக இல்லை. சீலாவுக்குக் கொடுக்கும் பணத்தில் சூடை பல நாளைக்கு வரும். வாரம் இரண்டு முறையாவது வாங்குங்கள். ஆனால் பொரிக்காதீர்கள், குழம்பு வையுங்கள். பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டியில் இறங்கி, சட்டி எண்ணெய் மீனில் ஏறுகிறது. குழம்பில் இறங்கும் கொழுப்போ சோற்றோடு நம் வயிற்றுக்குள்தான் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போதும் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் சிறுமீனைக் காலையிலேயே போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, அளவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 தேக்கரண்டி, அதாவது 20 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 80 மில்லி; மாதத்துக்கு 2.4 லிட்டர். தினமும் காலையில் அந்த 80 மில்லியைச் சிறு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, அன்றைய சமையலை அதற்குள் முடியுங்கள். முதல் வாரம் கை தடுமாறும், பிறகு பழகிவிடும்.

தேங்காயையும் கணக்கில் சேருங்கள். துருவலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. தேங்காய் அரைத்த குழம்பு வைக்கும் நாளில் பொரியலுக்கு எண்ணெயைக் குறையுங்கள்.

மூன்றாவது, எதை வாங்குவது? ரேஷனில் 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய். அதை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற வகை, அதாவது அதிகமானால் இதயத்துக்கு ஆகாதது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. எனவே பாமாயில் 1 லிட்டர், கடலை எண்ணெய் 1 லிட்டர், நல்லெண்ணெய் 400 மில்லி என்று பிரித்து வாங்குங்கள். பாமாயில் சூட்டைத் தாங்கும், வடை போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். அன்றாடத் தாளிப்புக்குக் கடலை எண்ணெய், மீன் குழம்புக்கு நல்லெண்ணெய். செக்கு எண்ணெயின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கொழுப்பு வகைகளின் விகிதம் சுத்திகரித்த கடலை எண்ணெயிலும் அதேதான். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை. சில்லறையாக அளந்து ஊற்றித் தரும் எண்ணெய் மலிவாகத் தெரிந்தாலும் வேண்டாம். அப்படி விற்கச் சட்டமே இடம் தரவில்லை, கலப்படமும் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக, பொரித்து மிஞ்சிய எண்ணெய். என் வீட்டில் ஒரு காலத்தில் அதே எண்ணெய் ஐந்தாறு நாள் சட்டியிலேயே கிடக்கும். கறுத்து, நுரைத்து, புகையும். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உடலுக்குக் கேடான பொருள்கள் அதில் சேர்கின்றன. இப்போது சட்டியில் குறைவாகவே ஊற்றுகிறேன். மிஞ்சியதை ஆறியதும் வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுகிறேன். மறுபடி அதில் பொரிப்பதில்லை.