பதினோராம் வகுப்பில் சமாதானப் பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி?

வாக்குச்சீட்டுக்கும் போர் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். ஆறு வருடமாக நான் வட அயர்லாந்தை வைத்து அதை நடித்துக் காட்டச் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகளும் அடுத்தடுத்து இரண்டு பீரியடும் போதும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகள், அயர்லாந்தோடு சேர விரும்பிய தேசியவாதிகள், முப்பது வருடத்தில் சுமார் 3,500 சாவுகள்.

அப்புறம் யூனியனிஸ்டுகளுக்கு 22 ஆரஞ்சுத் தாள், தேசியவாதிகளுக்கு 18 பச்சைத் தாள் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும்: கப்பல் கட்டும் தளத் தொழிலாளி, எல்லையோர விவசாயி, மகன் சிறையில் இருக்கும் தாய், குண்டுவெடிப்பில் கணவனை இழந்தவர். வெறும் கட்சிப் பெயரை எழுதினால் கோஷம்தான் கேட்கும்.

முதல் சுற்றில் பிள்ளைகளே கட்சி கட்டித் தேர்தல் நடத்தட்டும். பெரிய கட்சிகள் இரண்டு மட்டும் உட்கார்ந்து ஐந்து வரி ஒப்பந்தம் எழுதட்டும். வகுப்பு வாக்களிக்கட்டும். முதல் வருடம் 22க்கு 18 என்று நிறைவேறியது. ஒரு மாணவி பச்சைத் தாளை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, "இனிமே இது எனக்கு எதுக்கு டீச்சர்?" என்றாள். பாடத்தை அங்கேயே முடிப்பதாக இருந்தேன். அந்தக் கேள்விக்காகத்தான் இரண்டாம் சுற்றைச் சேர்த்தேன்.

அதற்கு, சமாதானப் பேச்சுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வட அயர்லாந்தில் 1996 மே 30 அன்று நடந்த தேர்தலின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதிகளில் 90 இடங்கள். அதற்கு மேல், மொத்த வாக்கில் முதல் பத்துக்குள் வந்த கட்சிகளுக்குத் தலா இரண்டு. யூனியனிஸ்ட் பக்க ஆயுதக் குழுக்களோடு தொடர்புள்ள இரண்டு சிறு கட்சிகள் அப்படித்தான் உள்ளே வந்தன. அதே வருடம் தொடங்கிய பெண்கள் கூட்டணியும் சுமார் 1 சதவீத வாக்கோடு வந்தது. அதன் இரு பிரதிநிதிகளில் மோனிகா மெக்வில்லியம்ஸ் கத்தோலிக்கர், பேர்ல் சாகர் புராட்டஸ்டன்ட். பாதிக்கப்பட்டவர்களின் பிரச்சினையை அவர்கள் கடைசிவரை விடவில்லை.

ஆகவே உங்கள் சிறு கட்சிகளுக்கும் இரண்டு நாற்காலி போடுங்கள். இந்த முறை இரண்டு நிறத்திலும் பெரும்பான்மை கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும். "துப்பாக்கி வைத்திருப்பவனும் உட்காரலாமா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். தேசியவாதிகள் பக்கத்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வோடு தொடர்புள்ள சின் ஃபெயின் கட்சி 17 இடம் வென்றும், 1997 ஜூலையில் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்த பிறகுதான் மேசைக்கு வர முடிந்தது என்று சொல்லுங்கள்.

பேச்சு முட்டி நிற்கும் இடம் கைதிகள் விடுதலை. கணவனை இழந்தவரையும் கைதியின் தாயையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீண்ட மௌனம் வரும். நீங்கள் வாய் திறக்காதீர்கள். என் வகுப்பில் ஒருமுறை கணவனை இழந்தவராக இருந்த பையன், "விடுங்க, ஆனா என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு விடுங்க" என்றான். அதையே ஒரு வரியாக எழுதிக்கொண்டார்கள்.

முடிந்ததும் ஒப்பந்தத்தை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தனுப்பி, மறுநாள் வாக்கெடுப்பு நடத்துங்கள். வட அயர்லாந்திலும் அந்தப் பேச்சில் உருவான ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு முன் வீடு வீடாகப் போனது. 1998 மே 22 அன்று வட அயர்லாந்தில் 81 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதில் 71 சதவீதம் ஆதரவு.

எதிர்த்து வாக்களித்த பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அன்று ஒப்பந்தத்தை எதிர்த்த யூனியனிஸ்ட் தலைவர் இயன் பெய்ஸ்லி, 2007 மே மாதம் சின் ஃபெயினின் மார்ட்டின் மெக்கின்னஸோடு சேர்ந்து அரசு அமைத்தார் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.