இறால் உரிக்கும் கூடத்தில் குளோரினுக்கு முன்னால் செய்ய வேண்டியது

ஷிப்ட் முடிந்ததும் மேசைமேல் நேராகக் குளோரின் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் பல கூடங்களில் உண்டு. அதில் பெரும்பகுதி வீண். இறால் சாறும் ஓட்டுத் துணுக்கும் ஒட்டியிருந்தால், குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. முதலில் அலசி, சோப்புக் கரைசல் போட்டு பிரஷால் தேய்த்து, மறுபடி அலசி, அப்புறம்தான் குளோரின். முதல் அலசலுக்குக் கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், புரதம் வெந்து தகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். குளோரின் ஊற்றிய கையோடு துடைத்துவிடவும் கூடாது. வேலை செய்யச் சில நிமிடமாவது விட வேண்டும்.

குளிர் அறைதானே என்று அசட்டையாக இருக்க முடியாது. லிஸ்டீரியா என்ற நோய்க் கிருமி 4 டிகிரி செல்சியஸிலும் மெதுவாகப் பெருகும். உறைய வைத்தாலும் முழுதாகச் சாகாது. அது நிலையாகக் குடியிருப்பது பெரும்பாலும் வடிகாலில்தான். மேசைக் காலின் பொந்து, பெல்ட்டின் வெடிப்பு இவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

வடிகாலில் மட்டும் பிரஷர் ஹோஸ் அடிக்கவே அடிக்காதீர்கள். தெறிக்கும் நுண்துளிகள் கழுவி வைத்த மேசைமேல் போய் உட்காரும். வடிகாலுக்குத் தனி நிறத்தில் ஒரு பிரஷ். நிறம் எதுவானாலும் சரி, அது மேசைப் பக்கம் வரக்கூடாது. வடிகாலைத் தேய்த்து முடித்த பிறகே மேசைக்குக் கடைசிக் குளோரின்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் குளோரின் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் (நிறம் மாறி அளவைக் காட்டும் காகிதப் பட்டை) பாருங்கள். கை முக்கும் குளோரின் தண்ணீர்த் தொட்டியையும் நடுநடுவே சோதியுங்கள். ஆட்கள் முக்க முக்க அதன் வீரியம் இறங்கிக்கொண்டே போகும்.