எல்லோருக்கும் ஒரே தொகையா, திருத்திய அஸ்வெசுமவா: எடைபோடும் முறை

ஏழை, வசதியானவர் என்று பாராமல் ஆளுக்கு ஒரே தொகையை அரசாங்கம் மாதந்தோறும் கொடுக்கும் அனைவருக்குமான அடிப்படை வருமானம் பற்றிய பேச்சு எழும்போது, நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், ஒரு தாளையும் பேனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம். ஆளுக்கு மாதம் 5,000 ரூபா என்றால் ஆண்டுக்கு 1,300 பில்லியன் ரூபா தேவைப்படும். அது 2024இல் அரசாங்கம் திரட்டிய மொத்த வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கிற்குச் சமம்.

தொகையை 1,500 ரூபாவாகக் குறைத்தால் செலவு 390 பில்லியனாக இறங்கும். ஆனால் அதற்காக, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கும் உதவித்தொகையான அஸ்வெசும நிறுத்தப்படுமா என்று கட்டாயம் கேளுங்கள். அஸ்வெசும குடும்பத்துக்கு வழங்கப்படுவது. அடிப்படை வருமானம் ஆளுக்கு வழங்கப்படுவது. 2025 தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கான கொடுப்பனவு 17,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நால்வர் கொண்ட அத்தகைய குடும்பத்துக்குப் புதிய முறையில் கிடைப்பது 6,000 ரூபா மட்டுமே என்பதால், எல்லோருக்கும் கொடுக்கப் போய் ஏழையின் கையிலிருந்து 11,500 ரூபாவைப் பறித்ததாக முடியும்.

இனி மறுபக்கத்தையும் அதே கண்டிப்புடன் பாருங்கள். அஸ்வெசும திட்டம் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு பயனாளிகளைத் தெரிவுசெய்கிறது. மின்பாவனையும் அவற்றில் ஒன்று. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு முடுக்கில் மூன்று குடும்பங்களுக்கு ஒரே மின்மானி. சிட்டையில் வரும் அலகுகளைப் பார்த்தால் வசதியான வீடு என்றுதான் தோன்றும், ஆனால் உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர் படுத்திருப்பார்கள். கொழும்பில் கல்வீடும் மின்சாரமும் வறுமை இல்லை என்பதற்குச் சான்றாகா. 2023இல் முதற்பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்ததில் வியப்பில்லை. ஆகவே சீர்திருத்தத் திட்டம் ஒன்றைப் படிக்கும்போது, தகுதியற்றோரை நீக்கும் வழியை மட்டும் தேடாமல், தகுதியிருந்தும் விடுபட்டவர் எங்கே முறையிடலாம், எத்தனை நாளில் பதில் வரும், இடைக்காலத்தில் அவர் எதைக்கொண்டு சீவிப்பார் என்பனவற்றையும் தேடுங்கள்.

பின்லாந்தை உதாரணம் காட்டுவோரிடம், 2017, 2018ஆம் ஆண்டுகளில் அங்கே மாதம் 560 யூரோ பெற்றவர்கள் வேலையற்ற 2,000 பேர் மட்டுமே என்பதை நினைவூட்டலாம். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஒருகாலத்தில் கூப்பன் அரிசி, அதாவது அரசாங்கம் மலிவு விலையில் கொடுத்த பங்கீட்டு அரிசி, அநேகமாக எல்லா வீடுகளுக்கும் கிடைத்தது. 1953இல் அதன் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமானபோது எழுந்த ஹர்த்தால் பிரதமர் டட்லி சேனநாயக்கவின் பதவி விலகலில் முடிந்தது. 1979இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக ஏழைகளுக்கு மட்டும் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க விலைவாசி ஏறியது. சில ஆண்டுகளில் அதன் பெறுமதி கரைந்தது, நாட்டை நிறுத்துமளவு எதிர்ப்பும் எழவில்லை. எனவே எந்தத் திட்டமானாலும், விலைவாசியோடு சேர்ந்து தொகையும் உயரும் என்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என் விருப்பம் இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி: குறிப்பிட்ட வயதைக் கடந்த முதியோர் அனைவருக்கும், வறுமையை அளக்காமல், ஆளுக்கொரு தொகை, ஏனையோருக்குத் திருத்திய அஸ்வெசும. வயதுக்கு அடையாள அட்டையே போதும், மின்கட்டணச் சிட்டை வேண்டியதில்லை. இதையும் என் சொல்லுக்காக ஏற்காமல், முதலில் செய்த பெருக்கலில் 2 கோடியே 17 இலட்சத்துக்குப் பதிலாக முதியோரின் எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள்.