கழன்று விழுந்த கிறிஸ்துமஸ் உருண்டைகள்

போன டிசம்பரில், பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கலாமே என்று, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உருண்டைகளை வைத்து வாசல் கதவில் மாட்டும் அலங்கார வளையம் நாலு செய்தேன். எல்லாம் பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் வாங்கியவை. தெர்மாகோல் வளையத்தில், பசையை உருக்கி ஒட்டும் குளூ கன்னால் ஒட்டினால் சூட்டில் தெர்மாகோல் குழி விழுந்தது, பளபளப்பான உருண்டையில் பசையும் சரியாகப் பிடிக்கவில்லை. மாடி வீட்டு அக்கா கதவில் மாட்டிய மறுநாள் காலை நடையெல்லாம் உருண்டை, அவர் வீட்டு நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது.

சரி, பசையை நம்பக்கூடாது என்று, சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரின் கழுத்து முறுக்கைப் பிரித்து, வட்டமாக வளைத்து, உருண்டைகளை மூடியில் இருக்கும் காது வழியாக ஒவ்வொன்றாகக் கோத்தேன், பெரிசும் சிறிசும் மாற்றி மாற்றி, கதம்பம் கட்டுவது போல நெருக்கமாக. ஆனால் முந்தின ராத்திரியே ஒவ்வொரு உருண்டையின் தலையில் இருக்கும் மூடியையும் கழற்றி, விளிம்பில் ஒரு சொட்டு பசை வைத்துத் திரும்பச் செருகிவிட வேண்டும் (பசைக்கு அந்த வேலை மட்டும்தான்), இல்லாவிட்டால் மூடி கம்பியில் நிற்கும், உருண்டை தரையில் கிடக்கும். ஒரு வளையத்துக்கு எனக்கு 60 உருண்டை போல ஆனது. கம்பியின் இரண்டு முனையையும் குறடால் முறுக்கி, அந்த இடம் தெரியாமல் சிவப்பு ரிப்பன் கட்டினேன்.

அக்கா அதைப் பொங்கல் வரைக்கும் கழற்றவில்லை.