கல்லீரல் நோயும் அமெரிக்க ஊனமுற்றோர் உதவித்தொகையும்: தேதிகளைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் நாள்பட்ட கல்லீரல் நோயோடு சோஷியல் செக்யூரிட்டி (அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘சிரோசிஸ்’ (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. நோய் குறைந்தது 12 மாதம் வேலை செய்ய விடாது என்று தெரிய வேண்டும். அதைக் காட்டுவது பரிசோதனை முடிவுகளும் அவற்றின் தேதிகளும்தான்.

உதாரணத்துக்கு, வயிற்றில் நீர் கோர்ப்பது. 12 மாதத்துக்குள், குறைந்தது 60 நாள் இடைவெளியில் இரண்டு முறை அது பதிவாகியிருக்க வேண்டும். ஸ்கேனில் மட்டும் தெரிந்தால், கூடவே ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.0 கிராமோ அதற்குக் குறைவாகவோ, அல்லது ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5-ஓ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பலர் ஒரு ஸ்கேனோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதை எப்போது எடுக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீர் கோர்த்தது தெரிந்தும் ரிப்போர்ட்டில் ஏறாமல் போனால் அதனால் பயனில்லை.

இந்த அளவுகளை எட்டாதவர்களும் தளர வேண்டாம். உங்களால் என்ன வேலை செய்ய முடியும் என்பதையும் சோஷியல் செக்யூரிட்டியில் பார்ப்பார்கள். எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, பகலில் எத்தனை தடவை படுக்க வேண்டியிருக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லி, கோப்பில் எழுதச் சொல்லுங்கள். குழப்பம், மறதி இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் தேதியோடு குறித்து வைப்பது நல்லது. நோயாளிக்கே அது நினைவிருக்காது.

கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களை அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்கு ஊனமுற்றவராகவே கருதுவார்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால், கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்துவிடுங்கள்.