ஃபார்மட் அடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை. உடனே "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் போனால் போனதுதான். அவசரப்படுவதுதான் முதல் தவறு.

கோளாறு ஓஎஸ்ஸில்தான், அதாவது விண்டோஸ் போன்ற இயங்குதளத்தில்தான் என்று எப்படித் தெரியும்? மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்டமான பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில், செய்து வைத்த அமைப்புகள் அழிந்துவிடும். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அதில் ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்கு மாறினால்கூட, நன்றாக இருக்கும் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பேட்டரியை மாற்றி, அமைப்பைப் பழையபடி வைத்தாலே போதும். ராமையும் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அதில் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது.

அடுத்தது, நிறையப் பேர் நம்பும் ஒரு தவறான விஷயம்: "சி டிரைவில் விண்டோஸ் மட்டும்தான், டி டிரைவைத் தொடாவிட்டால் போதும்." அப்படி இல்லை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே வழக்கமாக சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். அலுவலகக் கணக்கு முழுவதையும் டெஸ்க்டாப்பிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால் வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் (இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஓஎஸ்) பென்டிரைவ் ஒன்று தயார் செய்யுங்கள். தயார் செய்யும்போது பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். அந்தப் பென்டிரைவிலிருந்து பழைய கம்ப்யூட்டரை பூட் செய்து, அதாவது தொடங்கி, இன்ஸ்டால் செய்யாமலே ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளலாம். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும்.

இன்ஸ்டால் செய்யும்போது "இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் விண்டோஸ் போட முடியாது" என்று வந்தால், எல்லா பார்ட்டிஷனையும் (சி, டி போன்ற டிஸ்க் பிரிவுகளை) டெலீட் செய்யச் சொல்வார்கள். டி டிரைவும் சேர்ந்தே போய்விடும்! ஜிபிடி என்பது டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் புதிய முறை; பெரும்பாலும் பென்டிரைவ் லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆகியிருப்பதுதான் காரணம். பூட் மெனுவில் அதே பென்டிரைவை யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்ற பெயரோடு தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால், ஓஎஸ் போடாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம், எந்த ஓஎஸ்? விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை ஏற்காது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் 4 ஜிபி ராமில் அது திணறும். பிரவுசரும் டைப்பிங்கும் போதும் என்பவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. தமிழ்99 தட்டச்சும் அதில் செய்யலாம். காப்பி எடுக்கப் பயன்படுத்திய அதே மின்ட் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு இன்ஸ்டால் பட்டனை அழுத்துங்கள்.